ஏரி வரும் நேரம்

தாமோதரன் நகருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள் என்றால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. தண்ணீர் லாரி செவ்வாயும் வெள்ளியும் வரும். டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டார், அதனால் குடங்களை முன்கூட்டியே வாசலில் வைத்துவிட வேண்டும். இடம் பிடிக்கச் செங்கல் வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பக்கெட் வைத்தால் சண்டைக்கு வருவார்கள். ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று கடையில் கேட்கக் கூடாது, எதிரில் உள்ள டீக்கடையில் கேட்க வேண்டும். பிள்ளையார் கோயில் தெரு டாக்டர் ஊசி போடுவது வலிக்காது, ஆனால் அவருடைய பேச்சு வலிக்கும். இதையெல்லாம் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏரியைப் பற்றி மட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள் என்பதால் அதை முதலிலிருந்து சொல்லிவிடுவது நல்லது.

ஏரி முதன்முதலாக வந்தது ஒரு மாசி மாதத்து மாலையில், பள்ளி வேன்கள் திரும்புகிற நேரத்தில். மழை இல்லை, மழைக்கான மேகமும் இல்லை. பைபாஸ் சாலைப் பக்கமிருந்து, கணுக்கால் உயரத்துக்கு, பச்சையும் பழுப்புமான ஒரு மெல்லிய துணியை யாரோ விரித்துக்கொண்டே வருவதைப் போல அது தெருவுக்குள் நுழைந்தது. இரும்பு கேட்டுகளைத் தாண்டி, செருப்பு வரிசைகளைத் தாண்டி, வாசல் கோலங்களின் மேல் ஒரு புள்ளியைக்கூடக் கலைக்காமல் ஊர்ந்து, நடுக்கூடங்களுக்குள் வந்து, தொலைக்காட்சிப் பெட்டிகளின் அடியில் நின்றது. யாருடைய காலும் நனையவில்லை. கையால் அள்ளினால் குளிர்ச்சி இருந்தது, ஈரம் இல்லை. கெளுத்திக் குஞ்சுகள் நாற்காலிக் கால்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வெளியே வந்தன. விளக்கேற்றும் நேரம் ஆனதும் அது எங்கும் வடியாமல், நின்ற இடத்திலேயே தரைக்குள் இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் முன்பு ஏரி இருந்தது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பது நகரின் பழக்கம். அதனால் அன்று மாலை யாரும் சத்தம் போடவில்லை. சொந்த வீட்டுக்கு நெடுநாள் கழித்துத் திரும்பியவர் உள்ளே வரும்போது வாடகைக்கு இருப்பவர்கள் எப்படி எழுந்து நிற்பார்களோ, அப்படி எழுந்து நின்றோம்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் தணிகாசலம், கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தப் பிரச்சினைக்கும் எங்கோ ஒரு லாரி இருக்கிறது என்று நம்புகிறவர். கழிவுநீர் உறிஞ்சும் லாரி ஒன்றை வரவழைத்தார். லாரி முதல் மெயின் ரோட்டில் நின்று, பருத்த குழாயை ஏரிக்குள் விட்டு, உறுமி உறுமி உறிஞ்சியது. டாங்க் நிரம்ப நிரம்ப லாரியின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ஏரித் தண்ணீருக்கு எடை இல்லை என்பதும், அது தொடுகிற எதன் எடையையும் அது வாங்கிக்கொள்ளும் என்பதும் அப்போதுதான் நகருக்குத் தெரிந்தது. லாரி மெதுவாக உயர்ந்து தணிகாசலத்தின் மாடி வீட்டுப் பால்கனிக்கு நேராக வந்து நின்றது.

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "சார், இறக்கி விடச் சொல்லுங்க. இன்னொரு சவாரி இருக்கு," என்றார்.

"திறந்து விடுய்யா, தானா இறங்கும்," என்றார் தலைவர்.

"திறக்கற வால்வு பின்னாடி இருக்கு சார். நான் முன்னாடி இருக்கேன்."

தணிகாசலத்தின் மனைவி பால்கனியிலிருந்தே டிரைவருக்கு மோர் கொடுத்தார். விளக்கேற்றும் நேரம் ஆனதும், டாங்குக்குள் இருந்த ஏரியும் வெளியே இருந்த ஏரியோடு போய்விட, லாரி தரையில் வந்து நின்றது. அதன் பிறகு லாரியைப் பற்றித் தலைவர் பேசவில்லை. நாங்கள் பேசினோம்.

போகாது என்று தெரிந்த பிறகு ஏரி வழக்கமாகிவிட்டது. மாலையில் அது முழங்கால் வரை வரும்போது பெண்கள் தோசை மாவுப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றினார்கள், நனையும் என்று அல்ல, மிதந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று. எரிவாயு சிலிண்டர்களை ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டினோம். இடுப்பு வரை வந்தபோது மூட்டு வலிக்காரர்கள் எல்லோரும் தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள், டாக்டரின் முகம் வாடியது. கூரை வரை வந்தபோது மூச்சு முட்டும் என்று பயந்தோம், முட்டவில்லை. குளிர்ந்த விடியற்காற்றை இழுப்பதைப் போல அதைச் சுவாசித்தோம். ஒரு நாள் அது மாடிகளையும் மறைத்து உயர்ந்தது. அன்று நாங்கள் மொட்டைமாடிகளில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே, டிஷ் ஆன்டெனாக்களுக்கு மேலே, ஏரியின் மேற்பரப்பு ஒரு இரண்டாம் வானமாக நெளிந்துகொண்டிருந்தது. அதில் கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. பறவைகளை நாங்கள் எப்போதும் கீழிருந்துதான் பார்த்திருக்கிறோம் என்றாலும், நீந்துகிற பறவையின் அடிவயிற்றையும், தண்ணீரை நிதானமாகத் தள்ளுகிற அதன் மஞ்சள் பாதங்களையும் அதுவரை பார்த்ததில்லை. மேற்கு வெளிச்சம் அந்தத் தண்ணீரின் வழியே இறங்கி வந்து, வெள்ளையடிக்காத சுவர்களிலும், பாதி கட்டி நிறுத்திய தூண்களிலும், எங்கள் முகங்களிலும் அலைந்தது. அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது, ஒருவரும் போகவில்லை.

இனி மரகதவல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது குறுக்குத் தெருவில், கறிவேப்பிலை மரம் உள்ள வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எண் விசாரணைப் பிரிவில் வேலை பார்த்தவர். கைப்பேசி இல்லாத காலத்தில் ஊரில் யாருக்கு யாருடைய எண் வேண்டுமென்றாலும் அவருடைய குரலைத்தான் கேட்பார்கள். அவர் எண்ணை நிதானமாகச் சொல்வார், இன்னொரு முறை சொல்வார், வைத்துவிடுவார். அந்த எண்ணை அவர்கள் கூப்பிட்டார்களா, எதிர்முனையில் யாராவது எடுத்தார்களா என்பது மட்டும் அவருக்கு ஒரு நாளும் தெரியாது. "சொல்றதுதான் நம்ம வேலை. போய்ச் சேர்றது அவங்க வேலை," என்பார்.

அந்தக் குரலுக்காகவே சங்கத்தின் அறிவிப்புகளையெல்லாம் அவரிடம் கொடுத்தோம். பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெசிந்தா, சங்கத்தின் செயலாளர், தன் கைப்பேசியில் அவர் பேசுவதைப் பதிவு செய்வாள். காலையில் அஞ்சலை ஓட்டி வரும் பேட்டரிக் குப்பை வண்டியின் ஒலிபெருக்கியில் அது தெருத் தெருவாகப் போகும். "தாமோதரன் நகர் குடியிருப்போர் கவனத்திற்கு" என்று ஆரம்பிக்கும் அந்தக் குரல். கொசு மருந்து அடிக்கும் நாள், மின்தடை நாள், போலியோ சொட்டு மருந்து முகாம் என்று சொல்லி வந்த குரல், பிறகு ஏரி வரும் நேரத்தையும் சொன்னது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று எத்தனை முறை அது சொன்னாலும் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டித்தான் போட்டோம். நகரில் அந்தக் குரலை மதித்த ஒரே குடியிருப்பாளர் ஏரிதான் என்பது எங்களுக்குத் தற்செயலாகத் தெரிந்தது.

ஒரு நாள் மரகதவல்லி, அடுப்பில் கஞ்சி பொங்குகிற அவசரத்தில், "காலையில் மின்தடை, மாலையில் ஏரி" என்பதற்குப் பதிலாக "காலையில் ஏரி, மாலையில் மின்தடை" என்று சொல்லிவிட்டார். மின்சாரம் தன் வழக்கப்படி காலையிலேயே போனது. ஏரி காலையிலேயே வந்தது. சட்டையை இன் பண்ணிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பியவர்கள் ஸ்கூட்டரோடு மிதந்தார்கள். பள்ளி வேன் ஒன்று வேப்ப மரத்தின் தலைக்கு மேலே போய்க் குழந்தைகளை ஏற்றிக்கொண்டது.

தணிகாசலத்துக்கு ஆச்சரியத்தை விட வருத்தம் அதிகம். "சங்கத் தலைவர் நான். என் பேச்சையும் அது கேக்கணும்ல," என்று மறுநாள் தானே பேசிப் பதிவு செய்தார். ஏரி அவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ஜெசிந்தா பேசிப் பார்த்தாள், வரவில்லை. மரகதவல்லி சொன்னால் வந்தது.

"லாரிக்கே அடங்காதது உங்களுக்கு அடங்கும்னு எப்படித் தலைவரே நினைச்சீங்க?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

மரகதவல்லியின் கணவர் ஞானசிகாமணி. பேருந்து நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்ற சில காலத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நாள் முழுதும் நின்றபடியே வாழ்ந்த மனிதர் கட்டிலில் கிடந்தார். அவருடைய வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போல, அவர் பக்கத்தில் கிடக்கும். மரகதவல்லி அதை எடுத்து இந்தப் பக்கம் வைப்பார், அந்தப் பக்கம் வைப்பார். நடத்துநரின் விசில் சிவப்புக் கயிற்றோடு சுவர் ஆணியில் தொங்கியது.

ஏரி அவர்கள் வீட்டு ஜன்னல் விளிம்பைத் தாண்டிய நாளில் மரகதவல்லி அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். முதலில் போர்வை எழும்பியது. பிறகு அந்த வலது கை எழும்பித் தானாக நின்றது, விரல்கள் நீரில் செடி அசைவதைப் போல அசைந்தன. பிறகு ஞானசிகாமணி எழுந்து உட்கார்ந்தார், கால்களைக் கீழே விட்டார், நின்றார். மரகதவல்லி கரண்டியை நீட்டியபடியே இருந்தார்.

"என்னங்க," என்றார், "கஞ்சி ஆறுது."

அவர் நின்றபடியே ஒரு வாய் வாங்கிக்கொண்டார். ஆணியில் இருந்த விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். தெருவுக்கு வந்தார்.

அன்றிலிருந்து, ஏரி நின்ற நேரமெல்லாம் அவர் நின்றார். பேச்சு வரவில்லை, ஆனால் விசில் இருந்தது. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போகலாம். மிதக்கிற ஸ்கூட்டர்களையும், சைக்கிள்களையும், வழி தவறிய ஆடுகளையும், பள்ளி வேன்களையும், மெயின் ரோட்டு முனையில் காற்றில் நிற்பதைப் போலத் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் ஒழுங்கு செய்தார். பொடி மீன்கள்கூட அவர் விசிலுக்கு நின்று போனதாகச் சொல்கிறார்கள், அதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது மரகதவல்லியை. அவர் கேட்டில் சாய்ந்து நின்று, முதல் வேலை கிடைத்த நாளில் புருஷனை அனுப்பி வைக்கிற பெண்ணைப் போல, கணவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஏரி இறங்குகிற நேரத்துக்குச் சற்று முன்னால் ஞானசிகாமணி கட்டிலுக்குத் திரும்பிவிடுவார். இறங்கிய பிறகு அவர் கை மறுபடியும் யாருடையதோ ஆகிவிடும். ஒரு நாளின் மற்ற நேரமெல்லாம் அந்த இருவரும் அடுத்த மாலைக்குக் காத்திருந்தார்கள். சில நாட்களில் அறிவிப்பில் மரகதவல்லி ஏரியைக் கொஞ்சம் சீக்கிரமாகவே வரச் சொன்னார். எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஏரி வளர்ந்துகொண்டே இருந்தது. போவதற்கு வழி இல்லாததால் ஒவ்வொரு நாளும் இருந்த இடத்திலேயே இறங்கி, மறுநாள் இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்துக்கொண்டு எழுந்தது. கனமான பொருள்களும் மிதக்க ஆரம்பித்தன. கிரைண்டர்கள் மிதந்தன. ஒரு அம்பாசடர் கார் மிதந்தது.

பவித்ராவின் குழந்தை மிதந்தது.

பவித்ரா ஞானசிகாமணியின் வீட்டுக்கு எதிர்வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள். குழந்தைக்கு இன்னும் குப்புற விழுகிற வயது. அன்று முன் வராந்தாவில் பாயில் படுக்க வைத்து, இடுப்பில் ஒரு துணியைக் கட்டி, மறுமுனையைக் கம்பியில் முடிந்துவிட்டுத்தான் உள்ளே போனாள். இப்படிக் கட்டி வைப்பது நகரில் எல்லோருடைய பழக்கமாகவும் இருந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது பாய் மட்டும் கிடந்தது. தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தை மின்கம்பத்தின் உச்சியருகே மல்லாந்து மிதந்துகொண்டு, மேலே போகிற மீன்களைப் பார்த்துச் சிரித்தபடி, பக்கத்தில் ஓடிய மின்கம்பியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு விசில் கேட்டது. நில் என்பதற்கான ஒரே ஒரு நீண்ட விசில். நாங்கள் நின்றோம். ஆடுகள் நின்றன. ஏரியின் அசைவே நின்றது, சுவர்களில் அலைந்துகொண்டிருந்த வெளிச்சம் அப்படியே உறைந்தது. அந்த நிறுத்தத்துக்குள் ஞானசிகாமணி, படிக்கட்டில் ஏறுகிறவரைப் போலத் தண்ணீரில் கால் வைத்து ஏறிப் போய், கம்பிக்கும் குழந்தையின் விரலுக்கும் நடுவே தன் வலது கையை, மாலைகளில் மட்டும் அவருடையதாக இருந்த அந்தக் கையைக் கொடுத்து, குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கினார். பவித்ராவிடம் கொடுத்தார். அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், ஏரி அவளை உட்கார விடாமல் மெல்லத் தூக்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு காலையில் சங்கத்தின் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் கூட்டம் நடந்தது.

"மரகதம் மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் தணிகாசலம்.

"தப்பா எடுத்துக்கற மாதிரி எதையோ சொல்லப் போறீங்க. சொல்லுங்க."

"நாளையிலேர்ந்து வர வேணாம்னு ஒரு அறிவிப்பு. நீங்க சொன்னாத்தான் கேக்குது."

"முழங்கால் அளவு வந்தாப் போதும்னு சொல்லிப் பாக்கறேனே."

"அதான் போன வாரமே சொன்னீங்களே, அக்கா," என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "நேரத்தைக் கேக்குது. அளவு அது கையில இல்ல போலிருக்கு."

மரகதவல்லி பவித்ராவைப் பார்த்தார். பவித்ரா குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா," என்றாள். "அண்ணன் இல்லன்னா எனக்குப் பிள்ளையே இல்ல. நான் எப்படிச் சொல்லுவேன்? நான் வேற வீடு பாத்துக்கறேன்."

மரகதவல்லி தொண்டையைத் தடவிக்கொண்டு, "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. சரியாகட்டும், பேசறேன்," என்று எழுந்து போனார்.

தொண்டை கட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று மதியமே தணிகாசலத்தின் மனைவி மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தார். டீக்கடைக்காரர் சுக்குக் காபி அனுப்பினார். ஜெசிந்தா அதிமதுரம் கொண்டுவந்தாள். பவித்ரா மஞ்சள் போட்ட பாலை வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போனாள். ஒருவரும் ஏரியைப் பற்றிப் பேசவில்லை. "தொண்டை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்கள். டம்ளர்களும் தூக்குகளும் அவர் வீட்டுச் சமையலறையில் வரிசையாக நின்றன. புதிய அறிவிப்பு இல்லாததால் குப்பை வண்டியில் பழைய அறிவிப்பே ஓடியது, ஏரி பழைய நேரத்துக்கே வந்தது, இன்னும் உயரமாக. நாங்கள் குழந்தைகளைக் கதவு சாத்திய அறைகளில் வைத்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்தபடி இருந்தோம்.

அப்படிப்பட்ட ஒரு மாலையில் ஞானசிகாமணி எழுந்து நின்றார். விசிலை எடுத்தார், ஆனால் தெருவுக்குப் போகவில்லை. சமையலறைக்கு வந்து, டம்ளர்களைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து இரண்டு முறை விசில் ஊதினார், வீட்டுக்குள் ஊதுகிற அளவுக்கு மெல்ல.

"தெருவுக்குப் போகணுமா? போயிட்டு வாங்க," என்றார் மரகதவல்லி.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஜன்னல் வழியே எதிர்வீட்டைக் காட்டினார். பவித்ராவின் வீட்டு வாசலில் அட்டைப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மறுபடியும் இரண்டு முறை ஊதினார்.

"புரியாம இல்ல. நடக்கற மனுசனை நான் எப்படிப் படுன்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அவரால் சொல்ல முடியாது. அவர் தன் வலது கையை நீட்டி மனைவியின் தொண்டையின் மேல் வைத்தார். அந்தக் கை குளிர்ந்திருந்தது, ஆனால் அவருடையதாகவே இருந்தது. மரகதவல்லி அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஏரி இறங்கும் வரை நின்றார்.

மறுநாள் விடிந்ததும் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். ஜெசிந்தா கைப்பேசியை நீட்டினாள். "வராதேன்னு சொல்லப் போறீங்களா, அக்கா?"

"எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்ல," என்றார் மரகதவல்லி. "கேட்டவங்களுக்கு எங்க போகணுமோ அந்த எண்ணைக் கொடுப்பேன். இத்தனை நாள் வந்துச்சே, எங்க போகணும்னு யாராவது அதுக்குச் சொன்னோமா?"

அன்று குப்பை வண்டியில் நாங்கள் கேட்டது இதுதான்.

"ஏரியின் கவனத்திற்கு. நீங்கள் இங்கே வந்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம், அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் தங்குவதற்கு இங்கே இப்போது இடமில்லை. போவதற்கு வழி இருக்கிறது. இன்று மாலை வழக்கமான நேரத்துக்கு வாருங்கள். முதல் மெயின் ரோட்டில் நேராகக் கிழக்கே வரவும். பிள்ளையார் கோயிலைத் தாண்டி, மருந்துக் கடையில் இடது பக்கம் திரும்பவும். பேருந்து நிழற்குடைக்குப் பின்னால் முள்செடி மூடிய வாய்க்கால் ஒன்று இருக்கிறது. அது நீங்கள் நிரம்பினால் வழிந்து போகும் உங்கள் பழைய கலங்கல் வாய்க்கால்தான், பயப்பட வேண்டாம். அதன் வழியே போனால் பைபாஸ் சாலைக்கு அடியில் ஒரு மதகுப் பாலம், அதைத் தாண்டினால் அடையாறு, அதற்கப்பால் கடல். வழியில் யாராவது நிறுத்தினால் தாமோதரன் நகரிலிருந்து வருவதாகச் சொல்லவும். மறுபடியும் சொல்கிறேன்."

மறுபடியும் சொன்னார், அதே நிதானத்தோடு, எக்ஸ்சேஞ்சில் சொன்னதைப் போலவே.

அன்று பகல் முழுதும் நகரத்து ஆண்களும் பெண்களும் அரிவாளோடும் மண்வெட்டியோடும் நிழற்குடைக்குப் பின்னால் நின்றார்கள். முள்செடியை வெட்டினோம். பாலிதீன் பைகளையும், பழைய மெத்தைகளையும், உடைந்த கமோடு ஒன்றையும் வெளியே எடுத்தோம். எல்லாமே நாங்கள் போட்டவை. "இது யாரு வீட்டுதுன்னு நான் சொல்லவா?" என்று கமோடைப் பார்த்து அஞ்சலை கேட்டாள். தணிகாசலம் வேறு பக்கம் திரும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

மாலையில் ஏரி வந்தது. இதுவரை வந்ததிலேயே உயரமாக, வீடுகளையும் மரங்களையும் கைப்பேசிக் கோபுரத்தையும் மூடிக்கொண்டு வந்து நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதல் மெயின் ரோட்டின் நடுவில், ஞானசிகாமணி இரண்டு விசில் ஊதிக் கிழக்கே நடந்தார். ஏரி அவர் பின்னால் அசைந்தது.

நகர முடியும் என்றே நாங்கள் நினைத்திராத ஒன்று நகர்வதைப் பார்த்தோம். எங்கள் ஜன்னல்கள் வழியாக, அலமாரிகளின் வழியாக, எங்கள் உடம்புகளின் வழியாகவே அது போனது. விராலும் கெண்டையும் கூட்டம் கூட்டமாக, திருவிழா முடிந்து வீடு திரும்புகிறவர்களைப் போல அவசரமில்லாமல் போயின. தாமரைக் கொடிகள் கேட்டுகளைத் தொட்டுத் தொட்டு விடைபெற்றன. மேலே கூழைக்கடாக்கள் நீரோடு சேர்ந்து சரிந்தன. மரகதவல்லியின் குரல் குப்பை வண்டியிலிருந்து தெருவைச் சொல்லச் சொல்ல, அந்தந்தத் திருப்பத்தில் அது திரும்பியது. மருந்துக் கடையில் இடது பக்கம் திரும்பியபோது கடையின் பெயர்ப் பலகை ஒருமுறை ஆடி நின்றது. ஏரி விலகிய இடங்களில் எங்களுடைய எடை எங்களிடம் திரும்பி வந்தது. நாங்கள் எவ்வளவு கனமானவர்கள் என்று அன்றுதான் தெரிந்தது. சுவர்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரோ அழுதார்கள், யார் என்று திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிழற்குடையில் ஞானசிகாமணி வாய்க்காலின் கரையில், படிக்கட்டில் நிற்கிற நடத்துநரைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று, ஏரி முழுவதையும் தன்னைத் தாண்டி உள்ளே அனுப்பினார். பக்கத்தில் மரகதவல்லி நின்றார். தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தண்ணீர் ஞானசிகாமணியின் இடுப்பளவில் இருந்தபோது மரகதவல்லி அவர் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"அதோட போனா நடந்துக்கிட்டே இருக்கலாம். கடல் வரைக்கும், அதுக்கு அப்புறமும். போறதுன்னா போங்க. நான் எதுவும் நினைச்சுக்க மாட்டேன்."

ஞானசிகாமணி அவரைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். கடைசி மீன் உள்ளே நுழைந்துவிட்டதா என்று குனிந்து சரிபார்த்தார். பிறகு நிழற்குடையின் சிமெண்ட் பெஞ்சுக்குத் தானே நடந்து வந்து, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, இரண்டு முறை, நீளமாக, விசில் ஊதினார்.

ஏரி போனது. தண்ணீர் அவர் இடுப்பை விட்டது, முழங்காலை விட்டது, கணுக்காலை விட்டது. அவருடைய வலது கை மடியில் விழுந்து யாருடையதோ ஆனது. விசில் உதட்டிலிருந்து நழுவியது. மரகதவல்லி குனிந்து அந்தக் கையை எடுத்து, அதன் முழு எடையோடும், தன் மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போக நாங்கள் நாற்காலி கொண்டு வரும் வரை அப்படியே இருந்தார்கள்.

இப்போது ஏரி வருவதில்லை. பவித்ரா பெட்டிகளைப் பிரித்துவிட்டாள். அவள் மகள் இப்போது தெருவில் ஓடுகிறாள், மின்கம்பத்தின் அடியில்தான் விளையாடுகிறாள், ஏன் என்று தெரியாமல் சில சமயம் அண்ணாந்து பார்க்கிறாள். மாலையில் பேருந்துக்குப் போனால் நிழற்குடையில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருப்பார். வண்டியில் எல்லோரும் ஏறிய பிறகு அவர் இடது கையால் விசிலைத் தூக்கி இரண்டு முறை ஊதுவார். அது வரை டிரைவர்கள் வண்டியை எடுக்க மாட்டார்கள், நீங்களும் அவசரப்படுத்த வேண்டாம்.

ஏரி போய்ச் சேர்ந்ததா, திரும்ப வருமா என்று மரகதவல்லியைப் புதியவர்கள் கேட்பதுண்டு. "வழி சொல்லியிருக்கேன்," என்பார். அதற்கு மேல் கேட்காதீர்கள். ஆனால் மழை பெய்கிற நாட்களில் அவர் குடையோடு நிழற்குடைக்குப் பின்னால் போய், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவதை நீங்கள் பார்ப்பீர்கள்.

குப்பை வண்டி காலையில் வரும். நீங்கள் எழத் தாமதமாகலாம், வண்டியைத் தவற விடலாம், பையை எங்கே போடுவது என்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கலாம். எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், திட்டிவிட்டு நாங்கள் எடுத்துக்கொள்வோம். நிழற்குடைக்குப் பின்னால் உள்ள அந்த வாய்க்காலில் மட்டும் போடாதீர்கள். அது ஏரிக்குச் சொன்ன வழி.